சூடம் கொளுத்தாத உத்தராயணம்

அன்புள்ள பெரியையாவுக்கு,

ரெலிபோனிலை நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் வாய் திறக்க முந்தி அம்மா போனைப் பறிச்சு, தொப்பி போட்டியோ, சாப்பிட்டியோ எண்டு தொடங்கிவிட்டா. பேந்து போன் உங்கட கைக்கு வரவேயில்லை. அதாலை எழுதுறன்.

முதலாவது: கந்தரோடைக் கல்லை ஒருநாளும் போய்ப் பாக்காத பெடியன், இங்கிலீசுக்காரன்ரை கல்லைப் பாக்க விடியப்புறம் எழும்பிப் போனவனாமோ எண்டது. இதுக்கு என்னட்டை ஞாயம் இல்லை. சைக்கிளிலை பத்து நிமிசத்திலை போற இடத்துக்கு ஆர்தான் பெரியையா போவினம்? தூரம் வேணும், குளிர் வேணும், வாசலிலை ஒருத்தன் மறிக்கவேணும்.

மறிச்சாங்கள். அதைச் சொல்ல முந்தி இடத்தைச் சொல்லுறன். ஸ்ரோன்ஹெஞ்ச் லண்டனிலையிருந்து மேற்காலை ஒரு 140 கிலோமீற்றர். வெறும் புல்வெளி. நடுவிலை வட்டமாய்க் கல்லு நட்டு, அதுக்கு மேலை குறுக்கைக் கல்லு வைச்சிருக்கு. பெரிய கல்லொண்டு சராசரி 25 தொன். நட்டு 4,500 வருசம். சின்னக் கல்லுகள் வேல்ஸ் நாட்டு மலையிலையிருந்து 240 கிலோமீற்றர் இழுபட்டு வந்ததாம். நடுவிலை படுத்துக் கிடக்கிற ஆறு தொன் கல்லு ஸ்கொட்லாந்தின்ரை வடகிழக்கிலையிருந்து வந்தது எண்டு 2024இலைதான் கண்டுபிடிச்சவை. ஆகக் குறைஞ்சது 700 கிலோமீற்றர். நான் லண்டனிலை கட்டில் மாத்தேக்கை மூண்டு பேர் நாரி பிடிச்சு விழுந்தது உங்களுக்குத் தெரியும்தானே.

மற்ற நாளிலை சாதாரண ரிக்கற்றிலை போனால் கயித்துக்கு வெளியிலை நிண்டுதான் பாக்கலாம். சூரியன் வடக்கை திரும்பிற டிசெம்பர் 21 மாதிரிச் சில நாளிலைதான் சும்மா உள்ளை விடுவினம். ஆனால் நிபந்தனை ஒரு முழப் பட்டியல். கல்லிலை ஏறக்கூடாது. குடிக்கக்கூடாது. நாய் கூடாது. கண்ணாடிப் போத்தல் கூடாது. ட்ரோன் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. மெழுகுதிரி தொடக்கம் எந்த உருவத்திலையும் நெருப்புக் கூடாது. சூரியனை வரவேற்கத்தான் போறம், ஆனால் நெருப்புக் கூடாது!

என்ரை கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை அம்மா பார்சலிலை வைச்ச சூடம். வெள்ளைக் கட்டி, பிளாஸ்ரிக் பை, விடியாத இருட்டு, கறுத்த மனிசன் ஒருத்தன். காவல்காரப் பெடியன் மணந்து பாத்திட்டு, "இது என்ன சேர்?" எண்டான்.

"கடவுளுக்கு."

"கடவுள் இதை என்ன செய்வார்?"

"எரியிறதைப் பாத்துக்கொண்டிருப்பார்."

"அப்ப இது எரியுமோ?"

உடனை ஊர்ப் பெருமை வந்திட்டுது பெரியையா. "சாம்பல் கூட மிஞ்சாது" எண்டிட்டன்.

பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டான். அவர் ரோச் அடிச்சுப் பாத்து, எரிக்காமல் இதாலை வேறை பிரயோசனம் இருக்கோ எண்டு விசாரிச்சார். அலுமாரியிலை வைச்சால் பூச்சி வராது எண்டன். "பூச்சி மருந்து" எண்டு எழுதி, ஒரு துண்டிலை நம்பரும் போட்டு, பெட்டிக்குள்ளை வைச்சார். போகேக்கை வாங்கலாமாம். பற்றரியிலை எரியிற மெழுகுதிரி எண்டால் பிரச்சினை இல்லையாம். உங்கை ரியூசனுக்குப் போற மருமோனிட்டைச் சொல்லுங்கோ, பற்றரிச் சூடம் ஒண்டு கண்டுபிடிச்சால் நான் இஞ்சை கடை போடுறன்.

அதோடை முடிஞ்சுதெண்டு பாத்தால், மற்றப் பொக்கற்றிலை கடதாசியிலை மடிச்ச நல்லூர் விபூதி. வெள்ளைத் தூள்! வாயாலை சொல்லி விளங்கப்படுத்த ஏலாமல், மூண்டு விரலாலை அள்ளி நெத்தியிலை பூசிக் காட்டினன். பெரியவர் கொஞ்சம் யோசிச்சார். பேந்து தொப்பியைக் கழட்டித் தன்ரை நெத்தியை நீட்டினார். பூசிவிட்டன். நிபந்தனையிலை விபூதியைப் பற்றி ஒண்டும் இல்லை.

உள்ளை போனால் வெள்ளை அங்கி போட்ட ட்ரூயிட் ஆக்கள், முரசு, கொம்பு. எங்கட திருவெம்பாப் பெடியள் சங்கும் சேமக்கலமுமாய் ஒழுங்கைக்குள்ளை வாற அதே வரத்துத்தான். குளிச்சிட்டு வந்த மாதிரித் தெரியேல்லை. நானும் குளிக்கேல்லை, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அவை தங்கட முன்னோர்தான் கல்லு நட்டதெண்டு நினைக்கினம். உண்மையிலை ட்ரூயிட் எண்டொரு பூசாரிக் கூட்டம் வந்தது கல்லு நட்டு 2,000 வருசம் கழிச்சு. ஸ்ரூக்லி எண்டொருத்தர் 18ஆம் நூற்றாண்டிலை இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதினார், அது அப்பிடியே நிலைச்சுப் போச்சு.

இதைவிட விசேசம், மாரியிலை அந்தக் கல்லு பாத்துக்கொண்டிருக்கிறது சூரியன் விழுகிற திக்கை. கட்டினவை கூடினது பின்னேரத்துக்காய் இருக்கும். நாங்கள் கூடுறது விடிய. வெளிக்கத் தொடங்கத்தான் திறக்கினம், 10 மணிக்குக் கலைச்சுப்போடுவினம்.

(அடுத்த வசனத்தைச் சத்தமாய் வாசிக்காதேங்கோ, அம்மா விரதம். கிட்டடியிலை டரிங்ரன் வோல்ஸ் எண்ட இடத்திலை கிண்டப் பண்டி எலும்பு எக்கச்சக்கமாய் வந்ததாம். பல்லைப் பாத்தால் கனக்க ஒன்பது மாதக் குட்டியள். வசந்தத்திலை பிறந்ததெண்டால் வெட்டினது நடு மாரியிலை.)

8 மணி தாண்டிப் பத்து நிமிசம் போல ஒருத்தர் மணிக்கூட்டைப் பாத்து, "வந்திட்டார்!" எண்டார். கிழக்கிலை கழுவாத சட்டி நிறத்திலை முகில். சூரியன் எண்டு ஒண்டும் இல்லை. சனம் கை தட்டிக் கூவுது, கட்டிப்பிடிக்குது. நானும் கூவினன். ஆரெண்டு தெரியாத ஒரு கிழவி என்னைக் கட்டிப்பிடிச்சு, "இனிப் பகல் நீளும் பிள்ளை" எண்டு சொன்னா.

சிரிப்பியள். உங்களுக்கு அண்டைக்கும் பகல் பதினொண்டரை மணித்தியாலம், எங்களுக்கு எட்டும் இல்லை. உங்கை மத்தியானச் சூரியன் 57 பாகையிலை நிக்கும். இஞ்சை 15 பாகைக்கு மேலை ஏறாது, வேலியாலை எட்டிப் பாத்திட்டுப் போயிடும். வேலைக்குப் போகேக்கை இருட்டு, வரேக்கையும் இருட்டு. கிழமை நாளிலை வீட்டு யன்னலாலை வெளிச்சத்தைப் பாக்கிறேல்லை. டொக்ரர் விற்றமின் டி குளிசை தந்திருக்கிறார். வெயிலுக்கை விளையாடாதை எண்டு பூவரசங் கம்பாலை அடிச்சனீங்கள், ஞாபகமோ? இப்ப அந்த வெயிலைக் காசு குடுத்து வாங்கி விழுங்கிறன்.

இரண்டாவது கேள்வி: உத்தராயணம் தை பிறக்கத்தானே, இவை ஏன் முந்தினவை எண்டது. முந்தேல்லை, நாங்கள்தான் பிந்திப்போனம். பூமியின்ரை அச்சு பம்பரம் மாதிரித் தலையாட்டுது, 72 வருசத்துக்கு ஒரு பாகை எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். சூரியன் வடக்கை திரும்பிறதும் மகரத்துக்குள்ளை போறதும் ஏறக்குறைய 1,700 வருசத்துக்கு முந்தி ஒரே நாளிலை. இப்ப இடையிலை மூண்டு கிழமைக்கு மேலை. இதைக் கோயிலடியிலை சொல்லிப்போடாதேங்கோ, வாக்கியப் பஞ்சாங்கமோ திருக்கணிதமோ எண்ட சண்டையே இன்னும் முடியேல்லை.

பொங்கலுக்குக் காசு போட்டிருக்கு. பார்சல் கட்டினால் புழுக்கொடியலும் பனங்கட்டியும் காணும்.

இப்படிக்கு,
உங்கட பெறாமகன்

பி.கு.: இந்தக் கல்லு முழுக்க ஒருகாலம் ஒரு தனி மனிசன்ரை. 1915இலை சோல்ஸ்பரியிலை ஏலம் போகேக்கை செசில் சப் எண்டவர் 6,600 பவுணுக்கு எடுத்தவர். கதிரை வாங்கப் போனவர் கல்லோடை வந்தாரெண்டும், மனிசிக்கு அது துண்டாய்ப் பிடிக்கேல்லையெண்டும் கதை. 1918இலை அரசாங்கத்துக்கே குடுத்திட்டார், அடுத்த வருசம் சேர் பட்டமும் கிடைச்சுது. நீங்கள் சுன்னாகம் சந்தைக்குப் போனால் பெரியம்மா எழுதித் தந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ. அவ பட்டம் ஒண்டும் தர மாட்டா.