ஆடிக் காற்றும் மார்ச் காற்றும்

கம்பம் பள்ளத்தாக்குக்குள் காற்று புகுவது வைகாசியில். ஆடியில் அதன் ஆட்டம் உச்சம். அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் ஓடைப்பட்டி, அப்பிபட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகளைச் சுழற்ற இந்தக் காற்று மட்டும் போதாது. இன்னொரு காற்று டெல்லியிலிருந்து வர வேண்டும். அது மார்ச் 31-க்குள் வீசி முடித்துவிடும். அதன் பெயர் தேய்மானம்.

தொழிலுக்கு வாங்கிய இயந்திரம் உழைத்துத் தேயும். தேய்ந்த அளவை லாபத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொன்னது இவ்வளவுதான். நியாயமான ஏற்பாடு. சக்கம்பட்டியில் நாலு விசைத்தறி போட்டிருப்பவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. காற்றாலைக்கோ 1990-களில் 100; பிறகு 80. நாள் முழுக்கத் தடதடவென்று அடித்துக்கொள்ளும் தறியைவிட, ஆடி போனால் அசந்து நிற்கும் காற்றாலை ஐந்து மடங்கு வேகமாகத் தேய்கிறது என்று எந்த மெக்கானிக் கண்டுபிடித்தாரோ, அவருக்கு ஒரு பத்ம விருது பாக்கி இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய் காற்றாலை, 80 விழுக்காட்டில், முதல் ஆண்டு முடிவில் 20 லட்சம். அடுத்து 4 லட்சம். பிறகு 80,000. பிறகு 16,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,200 ரூபாய். ஒரு நல்ல சைக்கிள்கூட அந்த விலைக்கு வராது. 30 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு முதல் ஆண்டிலேயே 24 லட்சம் மிச்சம்.

இதே இயந்திரத்துக்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் தரும் ஆயுள் 22 ஆண்டு. மின் கட்டணம் நிர்ணயிக்க மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துக்கொள்ளும் ஆயுள் 25 ஆண்டு. ஆக, பங்குதாரரிடம் வாலிபம், ஆணையத்திடம் இன்னும் வாலிபம், வரி அதிகாரியிடம் மட்டும் மரணப் படுக்கை. இதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படி. அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு வேடிக்கை. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானம் உண்டு. மார்ச் 31 அன்று இலைகூட அசையாத பங்குனியில் காற்றாலையை ஓட்டிக் காட்டினால் போதும். 80 விழுக்காடு இருந்தபோது, ஒரு கோடியில் 40 லட்சம் ஒரே நாளில் தேய்ந்துவிட்டது! ஊரில் அன்றைக்குப் புயலா அடித்தது?

“தள்ளிப்போட்ட வரிதானே, பின்னால் கட்டிவிடுவார்கள்” என்று ஆடிட்டர்கள் விளக்குவார்கள். வட்டியில்லாக் கடன் என்பதற்கு அழகான மாற்றுப் பெயர்! கம்பத்துப் பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர் பந்தல் கம்பி மாற்ற நகையை அடகு வைக்கிறார். அவர் வட்டியைத் தள்ளிப்போட எந்த வங்கி முன்வந்தது? “விவசாய வருமானத்துக்கு வரியே இல்லையே” என்பார்கள். ஆமாம். வரி இல்லாதவனுக்கு வரிச்சலுகையும் இல்லை. கிணற்று மோட்டாரில் காயில் கருகினால் அந்தத் தேய்மானம் முழுக்க அவன் தலையில்தான்.

சரியான வழி அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2009-இல், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் வந்தது. ஓடினால் காசு, நின்றால் இல்லை. ஆனால் தேய்மானமா, ஊக்கத்தொகையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலாளியிடமே கொடுத்தார்கள். உழைப்புக்குக் கூலியா, பில்லுக்குப் பரிசா என்று கேட்டால் யார் எதைக் கேட்பார்கள்?

2012 ஏப்ரலில் 80-ஐ 15 ஆக்கினார்கள், ஊக்கத்தொகையும் நின்றது. 2011-12-இல் நாடெங்கும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை நட்ட தேசம், அடுத்த ஆண்டு சுமார் 1,700-இல் மூச்சு வாங்கியது. அந்த ஆண்டு ஆடி வரவில்லையா? வந்தது. மலையும் கணவாயும் அதே இடத்தில்தான் இருந்தன. பசுமை மீதிருந்த பக்தியைத்தான் காணவில்லை. 2014-இல் 80 திரும்பியது, பக்தியும் திரும்பியது. 2017 ஏப்ரலிலிருந்து 40.

காற்று மின்சாரம் வேண்டும். அதற்குப் பொதுப்பணம் கொடுப்பதும் சரி. ஓடின யூனிட்டுக்குக் கொடுங்கள். மாட்டோம் என்றால், சக்கம்பட்டித் தறிக்கும் அதே விகிதத்தைக் கொடுங்கள். கொடுத்தாலும் தறிக்காரருக்குப் பைசா மிஞ்சாது. கழித்துக்கொள்ள அவரிடம் அவ்வளவு லாபம் ஏது? ஆக, நீங்கள் சலுகை கொடுத்தது காற்றுக்கல்ல, லாபத்துக்கு. அதை நேராகச் சொல்லியிருக்கலாமே! பொய்க் கணக்குக்கு எங்கள் ஊர்க் காற்றை ஏன் சாட்சிக்கு இழுத்தீர்கள்?