முதல் தடவைதானே!

அனுப்புநர்: மகளிர் விடுதி முதல் மாடிக் குளியலறையைப் பயன்படுத்துவோர்.
பெறுநர்: உயர்திரு ஆய்வாளர் அம்மா அவர்கள், அனைத்து மகளிர் காவல் நிலையம்.
பொருள்: நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நேற்று முன்தினம் இரவு தங்கள் நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த உபசாரத்துக்கு நன்றி சொல்லவே இந்த மனு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் செருகியிருந்த போனையும், செருகிய ஆளான விடுதி உரிமையாளரின் அக்கா மகனையும் கையோடு கூட்டி வந்தோம். அவனுக்கு நாற்காலி, டீ. எங்களுக்குச் சுவர் ஓரம். நியாயம்தான், பையன் ஸ்டேஷனுக்கு வருவது முதல் தடவை, மிரண்டுவிடக் கூடாது. நாங்களும் முதல் தடவையாகத்தான் வந்தோம். அந்தச் சலுகை புகார் கொடுப்பவர்களுக்கு இல்லை போலும்.

“முதல் தடவைதானேம்மா, எழுதிக் குடுத்தா பையன் வாழ்க்கையே போயிடும்” என்றீர்கள். என்ன பெரிய மனசு! அவன் போனில் எங்களுக்கு முன்பே வேறு பெண்கள் இருந்தார்கள். டைல்ஸ் நிறம் வேறு, வாளி வேறு. எங்கள் விடுதி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. இருந்தாலும் முதல் தடவைதான்.

சட்டமும் தங்கள் பக்கம்தான். பெண்களின் அந்தரங்கத்தைப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவை ஸ்டேஷன் வாசலிலேயே நின்று படித்தோம். முதல் முறை தண்டனை பெற்றால் 1 முதல் 3 ஆண்டு சிறை, ஜாமீன் உண்டு. மறுபடியும் தண்டனை பெற்றால் 3 முதல் 7 ஆண்டு; அப்போது அது ஜாமீனில் வர முடியாத பிரிவு. அதாவது, சட்டம் எண்ணுவது கோர்ட் தண்டித்த தடவைகளை. அவன் படம் எடுத்த தடவைகளை அல்ல. முதல் எஃப்.ஐ.ஆர். விழாதவரை ஊரில் உள்ள அத்தனை குளியலறைக்கும் அவன் போய் வரலாம். எல்லாமே முதல் தடவை.

2012 டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு சொல்லி, 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று வந்த பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் அதன் எண் 77. 2025 ஜனவரியில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி மசோதா நிறைவேற்றியது. சட்டம் செய்பவர்கள் மாடிமேல் மாடி கட்டிக்கொண்டே போகிறார்கள். ஏறவிடாமல் முதல் படியில் தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டுமாம். தாங்களும் எழுதி வாங்கினீர்கள், அவனிடம் மன்னிப்புக் கடிதத்தை. தாங்கள் வாசகம் சொல்லச் சொல்ல, கோடு போட்ட தாளில் அவன் எழுதினான்: “தெரியாமல் நடந்துவிட்டது.” அந்த ஃபேனைக் கழற்ற ஸ்டூல் வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், நாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்க்க வேண்டும். அத்தனையும் தெரியாமலே செய்திருக்கிறான், கெட்டிக்காரன். எங்களுக்குப் புகார் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம், “எல்லாத்தையும் டெலீட் பண்ணுடா” என்று அதட்டினீர்கள். அம்மா, அது சாட்சியம். குற்றவாளியின் கையாலேயே அதை அழிக்க வைத்தது நீங்கள். அதற்கு முன்பு அந்தப் போன் மேசைக்கு மேசை போனது. தன் உடம்பை யார் யாரோ பார்ப்பதை எங்களில் ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓட்டையை ஏம்மா அடைக்கலை?” என்று அவளிடம்தான் கேட்டீர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். ஸ்டேஷனிடம் நாங்கள் கோபப்படுவது முதல் தடவை. பெரிய மனசு பண்ணி விட்டுவிடுங்கள்.

போனை அவனிடமே திருப்பிக் கொடுத்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்ததற்கும் நன்றி. அழித்த படங்களைப் பல போன்கள் 30 நாள் வரை தனியாக வைத்திருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குத் தெரியும்.

எனவே பணிவுடன் வேண்டுவது: வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013இலேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 77ஆம் பிரிவு அந்த வகைதான், முதல் தடவையும் சேர்த்து. பதிந்தால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4). இந்த மனுவின் நகல் இன்று காலையே மேலதிகாரிக்குத் தபாலில் போய்விட்டது.

மறுபடி செய்தவனுக்கு எத்தனை ஆண்டு என்பதை மேலே இருப்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். தாங்கள் அந்தப் போனைக் கைப்பற்றுங்கள். எஃப்.ஐ.ஆர். போடுங்கள்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கடிதத்தை ஏற்காதவர்கள்.