கும்பினி குத்திய நம்பர்

வண்ணாரப்பேட்டைக்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் லேபிளைப் பார்ப்பான். அடுத்த நொடியே அதை நம்ப மாட்டான். இது திமிர் இல்லை சார், முந்நூறு வருஷப் பழக்கம்.

1639-இல் கடலோரத்தில் கொஞ்சம் மணலைக் கேட்டு வாங்கிக் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கும்பினி, திருக்குறள் படிக்க வரவில்லை. துணி வாங்க வந்தது. நெய்கிறவர்களை 1719-இல் கவர்னர் காலெட் திருவொற்றியூர்ப் பக்கம் குடிவைத்தார், அதுதான் காலடிப்பேட்டை. வெளுக்கிறவர்களுக்கு எங்கள் பேட்டை. தோய்த்து, அடித்து, காயவைத்து, கஞ்சி போட்டுக் கோட்டைக்கு அனுப்பினால், அங்கே ஒரு துரை, மாதிரித் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார். இது ஒன்றாம் நம்பர், இது இரண்டு, இது மூன்று, இது வேண்டாம் எடுத்துக்கொண்டு போ. அதே தறி, அதே நூல், அதே தண்ணீர். நம்பர் மட்டும் வேறு. நம்பர் இறங்கினால் காசு இறங்கும். கும்பினிக்குக் கையில் காசு முடையாக இருக்கிற வாரத்தில் எந்த நம்பர் அதிகம் விழுந்திருக்கும் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்து இந்தப் பக்கத்தில் தப்பு நம்பர் குத்தப்பட்ட சரக்கு, ஒரு குமாஸ்தா. 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு, கணக்குப் பிரிவு, மாசம் 30 ரூபாய். லேபிளின்படி கூட்டல் கழித்தலுக்கு மேல் இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. சேர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள், 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார். அதைப் படித்துவிட்டு ஹார்டி முழித்த முழியை உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்த நாராயண ஐயரும் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், இந்த ஆள் 30 ரூபாய் வேகத்தில் ஓட வேண்டியவர் இல்லை என்று கண்டுபிடித்தது போர்ட் டிரஸ்ட் செய்த புண்ணியம். ராமானுஜன் இங்கேயே நிற்கட்டும். கீழே அவர் மறுபடி வருவார், அதுவும் நாம் எதிர்பார்க்காத வேலைக்கு.

கம்ப்யூட்டர்க் கும்பினிகள் வந்தபோது எங்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சிலிக்கான் தகடு ஒன்றில் நூற்றுக்கணக்கில் சிப் அடிப்பார்கள், வெட்டுவார்கள், ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத் தரம் பிரித்து முதுகில் நம்பர் அச்சடிப்பார்கள். மலிவுச் சரக்குக்குக் கிராக்கி அதிகமானால், நல்லா ஓடுகிற சிப்புக்கும் சின்ன நம்பர்தான். அப்படி ஒன்று கையில் சிக்கினால், அதன் உண்மையான வேகத்தில் ஓட்டிக்கொள்வதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங்.

இந்தத் திருவிளையாடலின் முதல் படலத்தில் வருவது ஐபிஎம். 1984-இல் அது விட்ட பிசி ஏடியின் வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். உள்ளே தகர டப்பியில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று துடிக்கும். அதில் பாதிதான் பிராசசருக்கு. சிலர் அந்த டப்பியைப் பிடுங்கிவிட்டு 16 போட்டார்கள். மெஷின் 8-இல் ஜம்மென்று ஓடியது. ஐபிஎம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? பிறகு வந்த மெஷின்களை எழுப்பிவிடும் பயாஸில் ஒரு சோதனையைச் சொருகியது: நிர்ணயித்ததைவிட வேகமாக ஓடினால் எழுந்திருக்காதே! பழுதானால் நிற்கிற மெஷினைப் பார்த்திருக்கிறோம். நல்லா ஓடினால் நிற்கிற மெஷினைக் கும்பினிக்காரனால்தான் செய்ய முடியும்.

அதற்கப்புறம் வந்த டப்பாக்களின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது வேகத்தைக் கூட்டுவதற்கு என்று நம்பியே ஒரு தலைமுறை வளர்ந்தது. பழைய 4.77 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் எழுதிய விளையாட்டுகள் புது மெஷினில் தலைதெறிக்க ஓடியதால், மெஷினை வேண்டுமென்றே மெதுவாக்க வைத்த பொத்தான் அது. இதை இன்று சொன்னாலும் சிலர் நம்ப மறுத்துச் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

இப்போது 1998 ஆகஸ்ட் 24. இன்டெல் கும்பினி ஒரே நாளில் இரண்டு சரக்கை இறக்கியது. பெரியவர் பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். சின்னவர் செலரான் 300ஏ, 149 டாலர். டாலர் 42 ரூபாய் சொச்சம் இருந்த காலம்; வித்தியாசம் மட்டும் 22,000 ரூபாய்க்குப் பக்கம். அந்த வருஷம் ஏப்ரலில் வந்த முதல் செலரானுக்கு இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகமே வைக்காமல் விற்றதில், ஊரெல்லாம் காறித் துப்பியிருந்தது. அந்தக் கெட்ட பேரைக் கழுவுவதற்காக, 300ஏ-வுக்கு 128 கேபி கேஷை சிப்புக்குள்ளேயே பதித்து, சிப்பின் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். பெரியவருக்கு இருந்தது 512 கேபி. ஆனால் அது சிப்புக்கு வெளியே, பாதி வேகத்தில். அதாவது, மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இரண்டாம் நம்பர் துணியில் ஒன்றாம் நம்பர் நூலைப் போட்டு நெய்துவிட்டார்கள்.

செலரானின் கணக்கு எளிது. மதர்போர்டில் தகவல் ஓடுகிற பாதையான பஸ்ஸின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. இந்த 4.5-ஐ யாரும் தொட முடியாதபடி கும்பினி பூட்டியிருந்தது. காரணம், சில புண்ணியவான்கள் பழைய சிப்பின் நம்பரைச் சுரண்டிவிட்டுப் பெரிய நம்பரை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நம்பர் அச்சடிக்கிற உரிமை தனக்கு மட்டுமே என்று கும்பினிக்கு ரோஷம். ஆனால் 4.5-க்குப் பூட்டுப் போட்டவன் 66-ஐத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். 66-ஐ 100 ஆக்கினால்? 450. பெரியவரின் வேகம், சின்னவரின் விலை.

செய்தி கம்ப்யூட்டர்ப் பத்திரிகை வழியாகவும் வாய் வழியாகவும் பேட்டைக்கு வந்து சேர, பையன்கள் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் ஏறி, பீச்சில் மாறி, பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தார்கள். அங்கே நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“அண்ணாத்தே, செலரான் 300ஏ கீதா?”

“கீது. 450 ஓடுமான்னு மட்டும் கேக்காத கண்ணு. அது உன் தலையெழுத்து.”

“மலேசியா சரக்கா, கோஸ்டாரிகாவா?”

“பொண்ணு பாக்கவா வந்த? எடுத்தா எடு, இல்லாட்டி நவுரு.”

எபிட் பிஹெச்6 போர்டு வாங்க வசதி இருந்தவன் பயாஸுக்குள் போய் 100 என்று தட்டிவிட்டு வந்துவிடுவான். மற்றவர்களின் போர்டு, சிப் அட்டையில் பி21 என்ற ஒற்றைப் பின்னைத் தொட்டுப் பார்த்துத்தான் ‘இவனுக்கு 66 போதும்’ என்று முடிவு செய்யும். ஆகவே அந்தப் பின்னை மறைக்க வேண்டும். செல்லோ டேப்பைத் துணுக்காக நறுக்கி ஒட்டலாம். ஸ்லாட்டில் சொருகும்போது சுருண்டு பக்கத்துப் பின்னையும் மறைக்கும். அதைவிட உத்தமமானது அக்காவின் நெயில் பாலிஷ். தங்க நிறத்தில் வரிசையாக மின்னுகிற பின்களில் சரியான ஒன்றை எண்ணிக் கண்டுபிடித்து, பிரஷ்ஷில் பாதி முடியைக் கத்தரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு. காய்ந்ததும் போர்டு ஏமாந்தது. கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள் யோசித்துப் பூட்டிய பூட்டுக்குச் சிவப்பு கியூடெக்ஸ் சாவி.

பேராசையை அடக்கி ‘100 வேண்டாம், பத்திரமாக 83 போதும்’ என்று நினைத்த நல்ல பிள்ளைகள்தான் இதில் நாசமாய்ப் போனார்கள். ஹார்டு டிஸ்க், சவுண்டு கார்டு எல்லாம் தொங்குகிற பிசிஐ பஸ் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 66-ஐ இரண்டால் வகுத்தால் 33. 100-ஐ மூன்றால் வகுத்தாலும் 33. 83-ஐ இரண்டால் வகுத்தால்? 41.5. பிராசசர் சமாளிக்கும், ஹார்டு டிஸ்க் சமாளிக்காது. எழுதச் சொன்னது ஒன்று, எழுதுவது வேறு. முழுத் திருட்டு பத்திரமாகவும் பாதித் திருட்டு ஆபத்தாகவும் அமைந்தது எந்த தர்ம சாஸ்திரத்திலும் இல்லாத விசேஷம்.

450-இல் திரை எழுந்துவிட்டால் பையன் தெருவுக்கு ஓடிவந்து ஜெயித்துவிட்டதாகக் கூவுவான். அவனைவிட மூத்தவன் ஒருவன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பான்: “ஸ்டேபிளா?” மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான். எழுந்து நிற்பது பெரிய வித்தை இல்லை. மே மாசம் ரெண்டு மணிக்கு, நாலு மணி நேரம் குவேக் ஆடிய பிறகும் நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் வோல்டேஜைக் கூட்டுவார்கள். 2.0 வோல்ட் சிப்புக்கு 2.2. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் சூடு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜால் 1.21 மடங்கு, பெருக்கினால் 1.8 மடங்கு சூடு. அதை வெளியே தள்ள ஃபேன் வேண்டும். பெரிய ஃபேன் வந்ததும் வீட்டில் அடுத்த பஞ்சாயத்து: “இன்னாடா இது, மாவு மிஷின் மாதிரி கத்துது?”

ஃபேனும் ஹீட்சிங்க்கும் ஏசி அல்ல. அறைச் சூட்டுக்கு மேல் சிப் எத்தனை டிகிரி ஏறலாம் என்பதை மட்டும்தான் அவை குறைக்கும். கனடாக்காரன் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து ‘எனக்கு 504 ஓடுகிறது’ என்று பீற்றிக்கொண்டதைப் படித்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரியில் நாங்களும் முயற்சி செய்தோம். கடல்காற்று மதியமே வந்தால் 450 தாங்கும். காற்று தாமதமான நாளில் நீலத் திரை. டிவியில் சொன்ன வானிலை அறிக்கையைக் கம்ப்யூட்டருக்காகக் கேட்ட ஜனங்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்திருப்பார்களா தெரியவில்லை.

அதோடு எங்களுக்கென்றே ஒரு தனிப் பரிசு: துறைமுகத்தில் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதும். ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் மற்ற ஊர்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சுத் தூசி சேரும். ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் விரலை வைத்தால் மை. ஃபேனைக் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினால் ஐந்து டிகிரி இறங்கும், பிரஷ்ஷைத் தூக்கி எறிய வேண்டும். அந்தச் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது, எண்ணூருக்குப் போ என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2011-இல். எண்ணூர்ப் பையன்களின் ஹீட்சிங்க்கைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் மலிவாயிற்றே, கொண்டுவந்து வைத்தால் என்ன என்று யோசிக்காத ஆள் இல்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, 25 டிகிரிக்குக் கீழே போகிற எதன் மேலும் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும். போர்டு மேல் வேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் திரவ ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருக்கிறார்கள்; அவர்கள் வீட்டில் அம்மா கிடையாது போலிருக்கிறது.

ஸ்டேபிளா என்று பரீட்சை வைக்க ஜார்ஜ் வோல்ட்மேன் என்ற அமெரிக்கர் ஒரு மென்பொருள் கொடுத்தார், பிரைம்95. பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவது அதன் அசல் வேலை. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைச் சிப்பிடம் ராப்பகலாகக் கொடுத்து, ஒரு இடத்தில் தப்பினாலும் பிடித்துவிடும் ஒரு சித்திரவதைப் பிரிவும் அதில் உண்டு. பிழைச் செய்தி மிக மரியாதையானது: ரவுண்டிங் 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குள் இருக்க வேண்டும். ராத்திரி எல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலை எழுந்து திரையில் இந்த வரியைப் பார்க்கிற துக்கத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிறந்த சூப்பர் பை இன்னொரு பரீட்சை. அது பையின் தசம இலக்கங்களை லட்சக்கணக்கில் கக்கச் சொல்லும். இன்றைய ஓவர்கிளாக்கர்கள் வைக்கும் கடுமையான பரீட்சை ஒய்-கிரஞ்சர். அது பையைக் கணக்கிடும் சூத்திரம் சுட்னாவ்ஸ்கி சகோதரர்களுடையது. அவர்கள் போனதோ, 1914-இல் ஒரு கட்டுரையில் வெளியான தொடர்கள் வெட்டிய பாதையில். கட்டுரை எழுதியவர் நம்முடைய 30 ரூபாய் குமாஸ்தா. லேபிளை மீறி ஓடுகிற சரக்கு உண்மையிலேயே தேறுமா என்று பார்க்க உலகம் இன்று போர்ட் டிரஸ்டின் மூன்றாம் வகுப்பு நான்காம் கிரேடிடம் வந்து நிற்கிறது.

மிச்சக் கதையை வேகமாக முடிக்கிறேன். 2000-இல் ஏஎம்டி தன் அத்லான், டியூரான் சிப்புகளின் முதுகில் எல்1 என்ற குட்டிப் பாலங்களை வெட்டிவிட்டுப் பூட்டியதாக நினைத்தது. சாதாரண பென்சிலால் கோடு போட்டு அந்தப் பாலங்களைச் சேர்த்துவிட்டார்கள். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பலருக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பயன்பட்டது அங்கேதான். 2011-இல் இன்டெல் மொத்தக் கடிகாரத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு, பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்துள்ள விலை உயர்ந்த சிப்பை வாங்கினால் மட்டும் பெருக்கிக்கொள்ளலாம் என்றது. திருட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் வசூலித்த பிறகு அதில் என்ன சுவாரசியம்? பையன்கள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

அப்புறம் கும்பினிக்கே ஆசை வந்தது. போட்டியாளனை முந்த வேண்டும் என்று டப்பாவிலிருந்து எடுத்ததுமே 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் துள்ளுகிற சிப்பை விற்றது. விளையாட்டு நடுவில் செத்து விழ, ‘கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை’ என்று திரை பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் போட்டது. 2024-இல் இன்டெலே ஒத்துக்கொண்டது: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, உள்ளே கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்றே நைந்துபோகிறது. வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள், மைக்ரோகோடு மாற்றினார்கள். போர்டு கம்பெனிகள் பயாஸில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தன. அதன் பெயர் ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’. கும்பினி குத்திய நம்பரிலேயே ஓட்ட வேண்டுமென்றால், ஆரம்பத்தில் உள்ளே போய் நீங்களாகவே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.