பேத்தியின் கட்டில் குறித்துக் காரைக்குடிக்கு ஒரு விளக்கம்

பிளானோ, டெக்சாஸ்

அப்பாவின் மேலான பார்வைக்கு,

பேத்திக்கு நான்கு வயது நிறைந்துவிட்டதால் பர்மாத் தேக்கில் கட்டில் ஒன்று செய்து கப்பலில் ஏற்றிவிடலாமா என்று தொலைபேசியில் எழுப்பப்பட்ட வினா, ஆம் அல்லது இல்லை என்று விடை கூறி முடிக்கத்தக்கதாகத் தோன்றினும், அமெரிக்காவில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தைப் பொறுத்தவரை அது மரவியல், சட்டவியல், சுவரியல் ஆகிய மூன்று துறைகளைத் தொடுவதாகும். இவற்றுள் மூன்றாவது துறை ஊரில் இல்லாதது என்பதால் அது சற்று விரிவாகவே கூறப்படும்.

புராஜெக்ட் முடிந்ததும் எடிசன் நகரிலிருந்து பிளானோவுக்கும், அடுத்த புராஜெக்ட் தொடங்கியதும் பிளானோவிலிருந்து வேறெங்கோவும் பெயரும் குடும்பத்தில், ஒரு மரச்சாமானின் தரம் அது எத்தனை தலைமுறை உழைக்கும் என்பதால் அன்றி, எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தாங்கும் என்பதாலேயே அளக்கப்படுகிறது. ஸ்வீடனில் 1956-இல், ஐகியா நிறுவனத்தின் கில்லிஸ் லுண்ட்கிரென் என்னும் வடிவமைப்பாளர் காருக்குள் நுழையாத மேசையின் கால்களைக் கழற்றி உள்ளே வைத்ததிலிருந்து அந்நிறுவனம் தட்டையான அட்டைப்பெட்டியில் மரச்சாமான் விற்கத் தொடங்கியது. அதன் பயனாக இன்று ஊரில் ஆசாரி செய்யும் வேலையை இங்கு, மென்பொருள் படித்த மகன், ஆலன் கீ எனப்படும் வளைந்த அறுகோணக் கம்பியைக் கொண்டு நள்ளிரவில் செய்கிறார். இத்தகைய சாமான்களில் மலிவானவை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் மரச்சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. இப்பலகையில் திருகாணியைக் கழற்றிக் கழற்றி முடுக்கினால் துளை தேய்ந்துவிடுமாதலால், முதல் வீட்டில் அசையாமல் நின்ற அலமாரி அடுத்த வீட்டில் லேசாகத் தலையசைத்து, அதற்கடுத்த வீட்டில் தானாகவே நடக்கத் தொடங்குகிறது.

கட்டில் வகைகளைச் சுருக்கமாகக் கூறலாம். பக்கக் கம்பித் தடுப்பை ஏற்றி இறக்கத்தக்க தொட்டில்கட்டில் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தானது என்று 2011 ஜூனிலிருந்து இந்நாட்டில் விற்கத் தடை உள்ளமையால், நண்பர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தொட்டில்கட்டிலை இலவசமாகப் பெறும் தமிழ்மரபு இங்குச் செல்லாது. கன்வெர்ட்டிபிள் எனப்படும் உருமாறும் கட்டில், தொட்டிலாகத் தொடங்கிப் பெரிய கட்டிலாக முடிவது. எனினும் அவ்வுருமாற்றத்திற்குத் தேவையான போல்ட்டுகள் ஏதேனும் ஒரு வீடுமாற்றத்தில் தொலைந்துவிடுவதால் அது பல குடும்பங்களில் தொட்டிலாகவே ஓய்வு பெறுகிறது. அடுக்குக்கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குட்பட்டோரைப் படுக்கவைக்கக் கூடாது என்பது இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. பேத்தி அதை ஏற்கவில்லை.

இனிச் சுவரியல். டிரஸ்ஸர் எனப்படும் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டியின் இழுப்பறைகளைப் படிகளாகக் கருதிக் குழந்தைகள் ஏறியதால் பெட்டி கவிழ்ந்து உயிர்கள் போயின. 2016 ஜூனில் ஐகியா ஏறத்தாழ 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளை இந்நாட்டில் திரும்பப் பெற்றதும், 2022 டிசம்பரில் கவிழாமைச் சட்டம் பிறந்ததும் இத்துயரங்களின் விளைவே. ஆகவே பெட்டியைச் சுவரோடு பட்டையால் பிணைக்க வேண்டும் என்று பெட்டியுடன் வரும் தாள் கண்டிப்பாகக் கூறுகிறது. வாடகை ஒப்பந்தமோ, சுவரில் துளையிடக் கூடாது என்று அதே கண்டிப்புடன் கூறுகிறது. முன்னதை மீறினால் குழந்தைக்கு ஆபத்து, பின்னதை மீறினால் செக்யூரிட்டி டெபாசிட், அதாவது ஊரில் அட்வான்ஸ் என்று வழங்கும் தொகை, ஆபத்துக்குள்ளாகும். இவ்விரு தாள்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைக்கப்பட்டும் இதுவரை சண்டையிட்டுக்கொள்ளாதது வியப்பிற்குரியது.

துளையிடத் துணிந்தாலும் அதற்குச் சுவர் வேண்டும். இங்குள்ள உட்சுவர் டிரைவால், அதாவது பெரும்பாலும் அரை அங்குலக் கனமுள்ள ஜிப்சம் பலகை. அதன் பின்னே வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் ஸ்டட் என்னும் மரச்சட்டத்தில் பதிந்தால் மட்டுமே திருகாணி கனம் தாங்கும். அச்சட்டத்தைக் கண்டறிய ஸ்டட் ஃபைண்டர் என்றொரு கருவி விற்கப்படுகிறது. சுவர்மீது நகர்த்துகையில் சட்டம் உள்ள இடத்தில் ஒலிக்க வேண்டிய இக்கருவி, மகனின் கையில் சட்டம் இல்லாத இடத்திலும், தண்ணீர்க் குழாய் உள்ள இடத்திலும், ஒருமுறை மருமகளின் தோள்மீதும் ஒலித்தது. அதன்பின் மகன் கடம் வாசிப்பவரைப் போல் விரல் முட்டியால் சுவர் முழுவதையும் தட்டிக் கேட்கும் முறைக்கு மாறினார். அடுத்த வீட்டவர் பதிலுக்குத் தட்டியதால் அம்முறையும் கைவிடப்பட்டது. இறுதியில் டிரஸ்ஸர் பிணைக்கப்பட்டுவிட்டது. வீடு காலி செய்யும்போது துளைகளுக்குப் பட்டி பார்த்து வண்ணம் பூச வேண்டும் என்பதால், சுவரின் வெள்ளை எந்த வெள்ளை என்று மருமகள் இப்போதே கடை கடையாக வண்ண அட்டைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஊரில் முகப்பில் ஐயாவின் படம் தொங்கும் ஆணி யாரிடம் கேட்டு அடிக்கப்பட்டது என்று எவரும் வினவியதில்லை. இங்கோ, அவ்வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்ததற்கான தடயமே இல்லை என்று மெய்ப்பித்த பின்னரே அட்வான்ஸ் திரும்புகிறது. பேத்தி தன் அறையை அறை என்று சொல்லாமல் கட்டில் என்றே சொல்கிறாள். சுவர்கள் மாறினும் கூடவே வருவது அது ஒன்றுதான் என்பதை அவள் பெற்றோருக்கு முன்பே கண்டுகொண்டாள்.

எனவே தேக்குக் கட்டில் கப்பல் ஏற வேண்டியதில்லை. கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள மரத்தில், பிரிக்க முடியாதபடி ஆசாரி இறுக்கும் கட்டிலை இந்த அடுக்ககத்தின் மாடிப்படித் திருப்பத்தில் திருப்ப இயலாது. இங்குள்ள 38-க்கு 75 அங்குல மெத்தைக்கும் அது பொருந்தாது. செய்தாலும் அது ஊர் வீட்டின் இரண்டாங்கட்டிலேயே இருக்கட்டும். விடுமுறைக்கு வருகையில் கழற்றாமலே படுக்கக் கிடைக்கும்.

இங்கு வாங்கப்பட்டிருப்பது டிரண்டில் கட்டில். அதாவது விருந்தினருக்கென அடியிலிருந்து சக்கரத்தில் இழுத்துக்கொள்ளும் இன்னொரு கட்டில் உடையது. அந்தக் கீழ்க்கட்டில் அப்பத்தாவுக்கு என்று பேத்தி அறிவித்துவிட்டாள். அவளுக்கு ஐயாவான தங்களுக்கு ஹாலில் சோபா. ஆகவே கப்பலுக்கு ஆகும் செலவை விசா விண்ணப்பத்துக்கு ஆக்குவதே சிக்கனம். நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்குள் இங்கு வீடு மாற வாய்ப்புள்ளதால், புறப்படுமுன் முகவரியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இங்ஙனம்,
மகன்