மின்சாரம் முந்திவிட்டது

கேள்வி: லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே 350 கி.மீ.; விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நெய்வேலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம்?
வாசகி, 21-வது வட்டம், நெய்வேலி

பதில்: யாருக்கு? மின்சாரத்துக்கா, உங்களுக்கா? இங்கே பழுப்பு நிலக்கரியில் பிறக்கும் மின்சாரம் கண் இமைப்பதற்குள் சென்னை போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள்தான் பண்ருட்டி, விக்கிரவாண்டி என்று பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்.

வான்வழியில் சுமார் 170 கி.மீ.தான், லண்டன்–பாரிஸில் பாதி. சின்ன விமானத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். ஒருகாலத்தில் வாயுதூத் விமானம் இறங்கிய ஓடுதளம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2017-இல், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டப் பட்டியலிலும் நெய்வேலி இடம்பெற்றது. விமானம்தான் பாக்கி. அது வரும் நாளில் கைதட்ட நானும் வருவேன்.