வாத்தியாரும் வளர்ப்புப் பிராணிகளும்

எந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போனாலும் ட்ரிபிள் ஈ துறையில் இவர் இருப்பார். சட்டைப் பையில் டெஸ்டர், மேசைமேல் அட்டை கிழிந்த தெராஜா புத்தகம். நடத்துவது பவர் சிஸ்டம்ஸ். ஆராய்ச்சியைப் பார்த்தால் வண்டலூர் உயிரியல் பூங்கா.

எம்.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்தவர். டாக்டர் பட்டம் இல்லாமல் மேலே ஏற முடியாது என்றானதும் அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பதிவுசெய்தார். மின் உற்பத்தியில் எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்பது தலைப்பு. கணக்குப் போட்டுப் பார்க்க, உலகமே பயன்படுத்தும் ஐ ட்ரிபிள் ஈ 30-பஸ் சிஸ்டம் கைவசம் இருந்தது. 1961 டிசம்பரில் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த மின்கட்டமைப்பின் ஒரு துண்டு அது. மொத்தச் சுமை 283.4 மெகாவாட்.

முதலில் அதில் எறும்பை (எறும்பு அல்காரிதத்தைத்தான்) விட்டார். மணிக்கு 800 டாலர் சொச்சம் என்று செலவு வந்தது. டாக்டர் பட்டமும் வந்தது. 2010இல் வௌவால் அல்காரிதம் வெளியானதும் அதே கட்டமைப்பில் வௌவாலைப் பறக்கவிட்டார். 2014இல் சாம்பல் ஓநாய், 2016இல் திமிங்கலம். ஒவ்வொரு பிராணியும் முந்தையதைவிடச் சில சென்ட் மிச்சம் பிடித்தது. மிச்சம் பிடித்த சென்ட்டுக்கெல்லாம் ஸ்கோபஸ் கட்டுரை. அசோசியேட் ஆனார், புரொபசர் ஆனார், எச்.ஓ.டி.யும் ஆனார். வீட்டில்தான் மதிப்பில்லை. கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டும்போதெல்லாம் மனைவி கேட்பார்: “ஏங்க, இதுக்கு ஒரு ஓநாய் கிடையாதா?”

நவம்பர் பிறந்தால் அறை வாசலில் கூட்டம். டிசம்பர் 15க்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போயாக வேண்டும்.

“சார், பி.எச்.டி.க்கு அப்ளை பண்றேன். ரெக்கமண்டேஷன் லெட்டர்...”

“நீயே எழுதிட்டு வாப்பா. கூச்சப்படாம எழுது.”

கூச்சப்படாமல்தான் எழுதுகிறார்கள். அக்கா ஒருத்தியின் கடிதத்தைப் பார்த்து எழுதிய ஒரு பையனை, கடைசிப் பத்தி ‘அடக்கமான பெண்’ என்று புகழ்ந்தது. சார் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். அவனுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

இணையதளத்தில் ஒரு கேள்வி வரும்: இவர் வகுப்பில் முதல் எத்தனை சதவீதத்துக்குள்? சார் எல்லோருக்கும் ‘2’ என்றே டிக் அடிப்பார். அறுபது பேர் வகுப்பில் இரண்டு சதவீதம் என்றால் ஓர் ஆளும் ஒரு கையும்தான் தேறும். போன வருஷம் அதற்குள் பதினாலு பேரை உட்கார வைத்தார். இளம் விரிவுரையாளர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “ஜி.ஆர்.இ.க்கே இருபதாயிரத்துக்கு மேல கட்டியிருக்கான். என் டிக்குக்கு என்ன காசா பணமா?” என்றார்.

வர்ஜீனியா டெக்கில் இடம் கிடைத்த மாணவி மைசூர்பாக்கோடு விடைபெற வந்தாள். சாருக்கு பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது.

“வர்ஜீனியாவா? அந்த ஊர் லைன் எல்லாம் எனக்கு அத்துப்படிம்மா. ரோனோக் பக்கம்தானே? போனதும் ஒரு காரியம் பண்ணு. நம்ம 30-பஸ்ல வர்ற க்ளேட்டர்ல ரெண்டாவது ஜெனரேட்டர் 40 மெகாவாட்ல ஓடிட்டிருக்கும். 48க்கு ஏத்தச் சொல்லு. நான் போட்டுப் பார்த்துட்டேன், செலவு குறையும்.”