அளக்காமல் தொடாதவர்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். கடைப் பலகையில் ‘ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபயர், மிக்ஸி பழுது பார்க்கப்படும்’ என்று எழுதியிருக்கும். பலகையில் பொய் கிடையாது. பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவலூர்பேட்டையில் அவருக்கு ஸ்கோப்பண்ணன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேசை நடுவில் பழைய சேலைத் துண்டு போர்த்தி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஆசிலோஸ்கோப். எங்கோ ஒரு பாலிடெக்னிக் கழித்துக்கட்டியதை, பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கிவந்தது. கம்பிக்குள் ஓடும் மின்சாரத்தின் அலையைப் பச்சைக் கோடாகக் கண்ணுக்குக் காட்டும்.

அந்தக் கோடு ஓடும் படக்குழாயை 1897-ல் அன்றைய ஜெர்மனியில் உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் பிரவுன். 1909-ல் மார்க்கோனியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு கம்பியில்லாத் தந்திக்கு, குழாய்க்கு இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அண்ணனுக்கு இந்த மனக்குறை ஆறவில்லை. மிக்ஸி ஜாரோடு வந்த அம்மாவிடமும் சொல்லி ஆதங்கப்படுவார்.

ஒருநாள் மைக் செட் தம்பி ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலுக்குக் கூட்டம் போகும் வழியில் பந்தல் போடுகிறார்கள், அதற்குள் வேண்டும்.

அண்ணன் ஸ்பீக்கரில் காதை வைத்தார். “ஃபில்டர் கண்டன்சர் காஞ்சு போச்சு.”

“மாத்திடுங்கண்ணா.”

“அளக்காம எப்பிடிப்பா தொடறது?”

சேலையை விலக்கி ஸ்கோப்பைப் போட்டார். விளக்கு எரிந்தது, கோடு வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு அடியில் போனது.

வைத்தியர் படுத்துவிட்டால் நோயாளிகள் காத்திருக்கத்தானே வேண்டும்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்கோப்பின் பழுதைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி இன்னொரு ஸ்கோப். அது அவலூர்பேட்டையில் கிடையாது.

முதல் நாள் முழுக்க போர்டைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் மோந்து பார்த்தார். கருகிய ரெசிஸ்டருக்குத் தனி வாசனை உண்டு. மூன்றாம் நாள் போர்டின் விளிம்பிலுள்ள செம்புப் பட்டைகளை, மகன் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்த ரப்பரால் தேய்த்துத் துலக்கினார். சீரீஸ் பல்பு போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. அப்படியானால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டை மெல்லத் தட்டினார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி.

படக்குழாய்க்குப் போவது 2,000 வோல்ட் அளவு. ஒரு கை வேலை செய்யும்போது மறு கையைப் பேன்ட் பையில் வை என்பது இந்தத் தொழிலின் வேதம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். அண்ணன் கட்டியிருப்பதோ கைலி. ஆகவே இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, தலைமையாசிரியர் முன் நிற்கும் பையன் மாதிரி குனிந்து நின்று அளப்பார். அந்த நேரம் யாராவது “அண்ணா” என்றால், திரும்பாமலே “உஸ்!”

“போர்டையே மாத்திடலாமே?” என்று கேட்டவர்கள் உண்டு. அண்ணன் பதில் பேசமாட்டார். மல்லாட்டைச் செடியில் ஒரு இலை வாடினால் நிலத்தையே விற்றுவிடுவாயா என்பது போல ஒரு பார்வை.

கடைசியில் பிடிபட்டது. +12 வோல்ட் சரியாக இருந்தது. −12 வர வேண்டிய இடத்தில் ஒன்பதுதான். அந்த வழியில் ஒரு கண்டன்சர் காய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றிக்கொண்டே வரும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. பகலில் வாங்கிய வெயிலைச் செஞ்சிப் பாறைகள் ராத்திரியிலும் திருப்பித் தந்துகொண்டிருக்கும் சீமையில், அது இத்தனை காலம் தாங்கியதே பெரிசு.

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல்தான் பிடித்தது. மைக் செட் தம்பிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வாடகை ஆம்ப்ளிஃபயரை வைத்து இரண்டு அமாவாசையை ஓட்டிவிட்டு, மூன்றாவதற்கு வாசலில் வந்து நின்றான்.

அன்றுதான் அண்ணன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்திருந்தார். காகிதப் பொட்டலத்தில் ஒரே ஒரு கண்டன்சர். ஈயம் உருகியது, புகை எழுந்தது, சுவிட்சைப் போட்டார். திரை நடுவில் ஒரு பச்சைக் கோடு நேராக ஓடியது. அண்ணன் பேசவில்லை. டீக்கடைப் பையனைக் கைகாட்டி அழைத்து, எல்லாருக்கும் டீ சொன்னார்.

பிறகு ஆம்ப்ளிஃபயரின் ஒட்டடையைத் துடைத்து, புரோபை வைத்தார். திரையில் மேடு மேடாக அலை. “பாத்தியா! செகண்டுக்கு நூறு. லைன்ல வர்ற அம்பது, டயோடு பிரிட்ஜ் தாண்டினா நூறாவும். ஃபில்டர் கண்டன்சர் காஞ்சுதான் போச்சு!”

“இதத்தாண்ணா மொத நாளே சொன்னீங்க?”

“அது காது சொன்னது. இது கண்ணு சொல்றது.”

“கை என்னண்ணா சொல்லுது?”

அண்ணன் காலிப் பொட்டலத்தை மடித்து விரித்துப் பார்த்தார்.

“கைவசம் கண்டன்சர் இல்லன்னு சொல்லுதுப்பா.”